வரபியை மொழிபெயர்த்த நாள்

கனடாவில் அகதி விசாரணைகள் இப்போது கணினித் திரைக்குள் போய்விட்டன. மொழிபெயர்ப்பாளர் ஸ்ரௌவ்வில்லில் தன் வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறார். விண்ணப்பதாரர் அஜக்ஸில் யாரோ உறவினரின் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார். முடிவு சொல்பவர் வேறெங்கோ. இந்தத் தொழிலில் இன்று இருப்பவர்கள் சிலர் போன மாதம் யூனியன்வில்லில் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, திரையில் பேசுகிற ஆளின் முகம் மட்டுந்தான் தெரிகிறது, கை தெரிவதில்லை, அதுதான் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர்கள் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கை தெரியாமல் நடந்திருந்தால் ஒரு வழக்கு எப்படி முடிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். எண்பதுகளின் பிற்பகுதியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். கொஞ்சக் காலம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினேன். தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்களை விசாரணைகளுக்குத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பரீட்சைக்குப் போனேன். தேறினேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில நாட்கள் பின் வரிசையில் இருந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்தேன். பிறகு ஒரு காலையில் சத்தியம் செய்துவைத்து நாற்காலியைக் காட்டினார்கள்.

விதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. விண்ணப்பதாரருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அவர் "என்னை அடிச்சவங்கள்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்லவேண்டும். அவரை அடித்தார்களாம் என்று தள்ளி நின்று சொல்லக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, அழகாக்கக்கூடாது. எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் என்னை நானே மூன்றாம் ஆளாக்கி, "மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்" என்று சொல்லவேண்டும். இடைவேளையில் விண்ணப்பதாரர் நிற்கும் பக்கம் போகக்கூடாது. குறிப்பெழுதிய தாள்களை முடிவில் அங்கேயே கிழித்துப் போடவேண்டும். வழக்கு என்ன ஆனது என்று யாரிடமும் கேட்கக்கூடாது.

கடைசி விதிதான் எனக்குப் பழக நெடுநாள் எடுத்தது. ஒருவரின் வாழ்க்கையில் ஆகக் கொடிய நாளை என் வாயால் சொல்லிவிட்டு, பிறகு ட்ராமில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சோறு வடிப்பேன். அவர் இங்கே இருந்தாரா, திருப்பி அனுப்பப்பட்டாரா, தெரியாது.

நான் ஆகக் கூடுதலாக வேலை செய்தது மிஸ்ரர் டார்னல் என்பவரின் அறையில். அவர் அகதிச் சபையில் முடிவு சொல்லும் உறுப்பினர். பெரும்பாலும் இரண்டு உறுப்பினர்கள் இருந்து விசாரிப்பார்கள். விண்ணப்பதாரர் சம்மதித்தால் ஒருவரே விசாரிக்கலாம். டார்னல் தனியாக இருந்து விசாரிக்கும் நாட்கள் பல. மெலிந்த மனிதர். சிரிக்கமாட்டார், கோபிக்கவும் மாட்டார். சட்டத்தரணிகள் அவருக்குப் பயந்தார்கள். இளகிய மனம் உள்ளவர் என்று அவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கேள்வியைக் கேட்டு முடித்ததும் கையில் இருக்கும் பென்சிலைச் சற்று உயர்த்துவார். அது எனக்கு. இனி நீ பேசலாம் என்பதற்கு. நான் பேசும்போது என்னைப் பார்க்கமாட்டார், விண்ணப்பதாரரையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் எல்லாரும் ஆங்கிலம் வரும் பக்கம் திரும்பிவிடுவார்கள். தமிழ் பேசும் முகத்தைக் கடைசிவரை பார்த்தவர் அவர் ஒருவர்தான். விசாரணை தொடங்குமுன், நானும் விண்ணப்பதாரரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறோமா என்று சோதிக்கவேண்டும். அதற்கு எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? பாணும் சம்பலும், ஒன்றும் சாப்பிடேல்லை, தேத்தண்ணி மட்டும் என்று பதில்கள் வரும். அவற்றையும் கவனமாகக் குறித்துக்கொள்வார்.

ஒருமுறை புத்தளத்தில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் தாயிடம், "நீங்கள் பொலிசிடம் முறையிடவில்லையா?" என்று கேட்டார். அந்தத் தாய் "ஓம்" என்றார். ஓம், முறையிடவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த "ஓம்" முறையிட்டேன் என்று ஆகிவிடும். நான் அனுமதி கேட்டு அதை விளக்கினேன். டார்னல் குறித்துக்கொண்டார். அன்றைக்குப் பிறகு தமிழ் பேசும் எவரிடமும் அவர் "இல்லையா" என்று முடியும் கேள்வி கேட்டதை நான் கேட்கவில்லை. "முறையிட்டீர்களா?" என்றுதான் கேட்பார். பாராட்டு, நன்றி எதுவும் கிடையாது. கேள்வியை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

இனி அந்த வழக்கு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பனி கரையத் தொடங்கியிருந்த நாட்கள். விண்ணப்பதாரருக்கு நேசன் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர், முப்பது வயதை நெருங்கியவர். யாரிடமோ வாங்கிப் போட்ட ஜக்கெற், தோளில் அகலமாக இருந்தது. அவருடைய சட்டத்தரணி இளம் வெள்ளைக்காரப் பெண், டார்னலின் முன் வருவது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நேசனின் கதை இதுதான். எண்பதுகளின் கடைசியில் ஊரில் இருக்கமுடியாமல் கொழும்புக்கு வந்தார். ஓர் ஏஜென்ற் மொழி படிக்கிற விசாவில் அவரை ஜப்பானுக்கு அனுப்பினார். சில மாதம் படித்தார். விசா முடிந்தது. பிறகு நாலு வருடம் ஒளித்திருந்து வேலை செய்தார். பிடிபடப் போகிற நிலை வந்தபோது இன்னோர் ஏஜென்றைப் பிடித்து, வேறொருவருடைய கடவுச்சீட்டில் ரொறன்ரோவில் வந்து இறங்கினார். ஏஜென்ற் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜப்பானில் இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை. ஒளித்திருந்தவரிடம் எப்படி இருக்கும்?

சபைக்கு வேறொரு சந்தேகம். அந்த நாலு வருடமும் அவர் வடக்கில் ஆயுதத்தோடு இருந்தவராக இருக்கலாம், அதை மறைக்க ஜப்பான் என்று சொல்லலாம். அப்படியானால் பாதுகாப்பு மறுக்கப்படும். சந்தேகத்துக்கு ஒரு காரணம் அவருடைய வலது முன்கை. மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை சின்னச் சின்னத் தழும்புகள். வார்ப்புப் பட்டறையில் உருக்கிய இரும்பு தெறித்தது என்றார் அவர். எரிகாயம்தான் என்று டொக்டர் எழுதியிருந்தார். எதனால் எரிந்தது என்று எந்த டொக்டரால் எழுதமுடியும்?

ஆகவே எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. அவர் சொல்கிற இடத்தில் அவர் இருந்தாரா?

இடத்தின் பெயர் வரபி. தோக்கியோவுக்கு வடக்கே, ரயிலில் கொஞ்ச நேரத் தூரம். நேசன் தமிழில் எழுதிய வாக்குமூலத்தை பார்லிமென்ற் வீதியில் ஒரு கடைக்கு மேலே இருந்த யாரோ ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள். அதில், "ஜப்பானில் வரபி என்ற கிராமத்தில் வசித்தேன்" என்று இருந்தது. டார்னலின் முன் இன்னொரு தாள் இருந்தது. சபையின் ஆய்வுப் பகுதி தேடிக் கொடுத்த தாள். அவர் அதை நிதானமாக வாசித்தார். நான் வசனம் வசனமாக நேசனுக்குத் தமிழில் சொன்னேன். வரபி ஒரு நகரம். பரப்பளவு ஐந்து சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அந்த நாட்டில் நகரம் என்று பெயர் பெற்றவற்றில் ஆகச் சிறியது. சனநெருக்கம் ஆகக் கூடிய நகரங்களில் ஒன்று. பழைய காலத்துப் பெருவழியில் பயணிகள் தங்கிப்போகும் இடமாக இருந்தது. பிறகு நெசவுக்குப் பேர்போனது. இப்போது பெரும்பாலும் தலைநகருக்கு வேலைக்குப் போகிறவர்களின் குடியிருப்பு.

தாளைக் கீழே வைத்தார். "நீங்கள் வாழ்ந்தது ஒரு கிராமம் என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார். பென்சில் உயர்ந்தது.

நான் தமிழில் சொன்னேன். நேசன் என் முகத்தைப் பார்த்தார்.

"கிராமமோ? கிராமம் எண்டு நான் எழுதேல்லையே. ஊர் எண்டுதான் எழுதினனான்."

இதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். கையில் இருக்கும் அகராதிப்படி சொன்னால், "கிராமம் என்று நான் எழுதவில்லை, கிராமம் என்றுதான் எழுதினேன்" என்று வரும். நான் "ஓர் இடம் என்று எழுதினேன்" என்ற பொருளில் சொன்னேன். அது மெலிந்த சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது. டார்னல் விடவில்லை. அப்படியானால் அது நகரம்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நேசன் தலையை ஆட்டி மறுத்தார்.

"இல்லை, நகரம் எண்டா தோக்கியோ. இது ஊர்தான்."

நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. ஆங்கிலத்தில் கேட்பவருக்கு இது வழுக்கி ஓடுகிற மனிதனின் பதில். சட்டத்தரணி எழுந்து, இது மொழிபெயர்ப்புப் பிரச்சினையாக இருக்கலாம் என்றார். வாக்குமூலம் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டப்பட்டு விண்ணப்பதாரர் கையெழுத்து வைத்திருக்கிறார் என்று டார்னல் சொன்னார். அவர் சொன்னது சரி. திருப்பி வாசித்தவர் "ஊர்" என்றே வாசித்திருப்பார். நேசனும் ஓம் என்று கையெழுத்து வைத்திருப்பார்.

நான் கையை உயர்த்தினேன். "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்கிறார்."

"மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்லப்போகிறாரா?"

"இல்லை, ஐயா. விண்ணப்பதாரர் சொன்ன ஒரு சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல் மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை என்பதைச் சொல்லப்போகிறார்."

சொல்லுங்கள் என்றார். ஊர் என்பது ஒருவர் குடியிருக்கும் இடம் என்றேன். பத்து வீடு உள்ள இடமும் ஊர்தான், தலைநகரமும் ஊர்தான், அந்தச் சொல் இடத்தின் அளவைச் சொல்லாது என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னும் சொல்ல இருந்தது. புதிதாகக் காணும் ஒருவரிடம் நாங்கள் பெயரைக் கேட்க முன்னமே ஊரைக் கேட்போம் என்று சொல்ல நாக்கு நுனியில் வந்தது. அது விளக்கம் அல்ல, பரிந்து பேசுதல். அந்த எல்லை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

டார்னல் எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன். எழுதினார். எழுதிய சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இனி அந்தச் சொல் வந்தால் மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார். "அப்படியே விடுங்கள்."

பிறகு நேசன் பக்கம் திரும்பி, அந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ஆங்கில வசனத்தின் நடுவில் "ஊர்" என்று தானே சொன்னார். ரகரம் வரவில்லை. ஆனாலும் நேசன் நான் பேசும்வரை காத்திருக்கவில்லை, அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

எவ்வளவு பெரியது என்று முதலில் கேட்டார் டார்னல். நேசனுக்கு சதுர கிலோமீற்றர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வோக்மன் மாட்டிக்கொண்டு நடப்பாராம். ஒரு கரையில் இருந்து மற்றக் கரைக்குப் போக, பாட்டுக் கசெற்றின் ஒரு பக்கம் முடியாதாம். மலை இல்லை, ஆறு இல்லை, வயல் இல்லை, முழுக்கத் தட்டை. ஊருக்குள் ஒரேயொரு ரயில் ஸ்ரேசன். வெயில்காலத்தில் ஸ்ரேசனின் மேற்குப் பக்கத் தெருவில் கடதாசி அலங்காரங்களைத் தலைக்கு மேலே தொங்கவிடுவார்கள். பழைய பெருவழியில் ஒரு வீட்டின் முன்னால் வாய்க்காலுக்கு மேலே தூக்கி இறக்கக்கூடிய சின்னப் பாலம் ஒன்று இருக்கிறது. பின்னேரத்தில் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு மெட்டுப் போடுவார்கள், பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போவதற்கு. அந்த மெட்டைக் கேட்டால் தனக்கும் எங்காவது போகவேண்டும் போல இருக்கும் என்றார்.

நான் அவர் சொன்னதை எல்லாம் நான் கண்டதுபோல நான், நான் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

வரபி முடிந்து அடுத்த நகரம் தொடங்குவது எப்படித் தெரியும் என்று டார்னல் கேட்டார். இவ்வளவு நெருக்கமான இடத்தில் வீடுகள் தொடர்ந்துதானே இருக்கும்?

நேசனின் முகம் மாறியது. அதுவரை கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போதுதான் தன் தொழிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"காலுக்குக் கீழ பாக்கவேணும். றோட்டில கழிவுத்தண்ணிக் குழிக்கு இரும்பு மூடி போட்டிருப்பினம். ஒவ்வொரு ஊரும் தன்ர அடையாளத்தை அதில வார்ப்பிச்சு வச்சிருக்கும். மூடி மாறிச்சுதெண்டா ஊர் மாறிச்சுது."

அவர் இருந்தது வரபியில், வேலை செய்தது பக்கத்து நகரமான கவாகுச்சியில். அங்கே வார்ப்புப் பட்டறைகள் நிறைய. அவருடைய பட்டறையில் அப்படிப்பட்ட மூடிகளை வார்த்தார்கள். மண்ணை எப்படி நனைப்பது, அச்சை எப்படி இறுக்குவது, உருகிய இரும்பை எந்த நிறத்தில் ஊற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கைகளால் செய்து காட்டினார். வாளியைச் சரிக்கிற மாதிரி வலது கையை நீட்டியபோது ஜக்கெற் கை மேலே ஏறி, தழும்புகள் தெரிந்தன. மண்ணில் ஈரம் கூடிவிட்டால் இரும்பு திருப்பித் துப்பும் என்றார். துப்பினால் எங்கே படும் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. டார்னல் அந்தக் கையைப் பார்த்தார். குறிப்பு எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தாளைத் திரும்ப எடுத்தார். நேசன் வாக்குமூலத்தில் அது "அமைதியான ஊர்" என்று எழுதியிருந்தார். நாட்டில் ஆக நெருக்கமான நகரங்களில் ஒன்று எப்படி அமைதியாக இருக்கும் என்று கேட்டார்.

நேசன் அறைச் சுவரைக் கையால் காட்டினார்.

"நெருக்கம் எண்டபடியாத்தான் அமைதி. சுவர் கடதாசி மாதிரி. நான் இருமினா அடுத்த அறைக்காரர் முழிச்சிடுவார்."

வந்த புதிதில் அவருக்கு அது தெரியாதாம். கதவை அடித்துச் சாத்துவார், றேடியோவைச் சத்தமாகப் போடுவார். யாரும் வந்து ஏசவில்லை. கீழ்வீட்டு மனிதர் படியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார், அவ்வளவுதான். அந்த மனிதர் ஒருநாள்கூடச் சத்தம் போடவில்லை என்பது நேசனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிறகு தானும் பழகினார். கதவுக் குமிழைத் திருப்பிப் பிடித்தபடி சாத்தப் பழகினார். பாத்திரத்தைத் துணிக்கு மேலே வைக்கப் பழகினார். இதைச் சொல்லும்போது மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசை எடுத்துக் காட்டினார். சின்ன விரலை அடியில் கொடுத்து முதலில் விரலை மேசையில் வைத்து, பிறகு விரலை இழுத்துக்கொண்டு கிளாசை இறக்கினார். ஒலிப்பதிவுக் கருவி ஓடும் சத்தத்தைத் தவிர அறையில் ஒன்றும் கேட்கவில்லை.

சட்டத்தரணி மெல்லப் புன்னகைத்தார். வென்றுவிட்டோம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போதுதான் டார்னல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஊரை அறிந்திருக்கிறீர்கள். வேலை இருந்தது, அறை இருந்தது, அமைதி இருந்தது. பயந்து ஓடிவந்த ஒருவர் அங்கே பாதுகாப்புக் கேட்கலாம். நீங்கள் கேட்டீர்களா?"

இந்தக் கேள்வியின் கூர்மை எனக்கு உடனே விளங்கியது. நேசன் எவ்வளவு நன்றாக அந்த ஊரைச் சொன்னாரோ, அவ்வளவுக்கு அது அவருடைய வீடு போல ஆகிவிட்டது. வீடு இருந்தவர் எதற்கு இங்கே வந்து அகதி என்று கேட்கிறார்? ஆளை நம்பிய பிறகும் மறுக்கலாம். அப்படி மறுக்கப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். பென்சில் உயர்ந்தது. அந்தக் கேள்வியைத் தமிழில் மெதுவாக்கிச் சொல்ல எனக்கு ஆசை வந்தது. வந்த மாதிரியே சொன்னேன்.

கேட்கவில்லை என்றார் நேசன் முதலில். அப்படிக் கேட்டுக் கிடைத்த ஒருவரையும் தனக்குத் தெரியாது என்றார். அவருடைய அறையில் முன்னம் இருந்த ஒரு பொடியன், ஊர்ப் பெயர் கேட்டால் சொல்லாமல் சிரிப்பவன், ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்வி. அதற்குப் பிறகு சைக்கிளில் பொலிஸ்காரர் வந்தால் நேசன் கடைக்குள் நுழைந்து விலை பார்ப்பதுபோல நிற்பார். பல்லுக்குத்து தாங்கமுடியாமல் வந்தபோது டொக்டரிடம் பெயர் சொல்லவேண்டும் என்று போகவில்லை. பட்டறைக்காரர் நல்லவர், ஆனால் கை சுட்டபோது வீட்டில் வைத்துத்தான் மருந்து போட்டார்.

கடைசியில் சொன்னார்:

"எனக்கு அந்த ஊரைத் தெரியும் ஐயா. அந்த ஊருக்கு என்னைத் தெரியாது. தெரிஞ்சா அனுப்பிப்போடும்."

ஊர் என்ற சொல்லை நான் அப்படியே விட்டேன். மற்றச் சொற்களை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் வைத்தேன்.

டார்னல் பென்சிலை மேசையில் படுக்கவைத்தார். கசெற் முடிகிறது, மாற்றவேண்டும் என்றார். மாற்றிய பிறகு இனிக் கேள்வி இல்லை என்றார். முடிவு தபாலில் வரும். எழுந்து போய்விட்டார். நான் குறிப்புத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். லிஃப்ற் பக்கம் நேசன் நின்றபடியால் மற்றக் கோடியில் போய், அவர் இறங்கும்வரை ஜன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழக்கு என்ன ஆனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தரணிதான் சில மாதத்துக்குப் பிறகு வேறொரு விசாரணைக்கு வந்த இடத்தில் தானாகச் சொன்னார். ஏற்றுக்கொண்டார்களாம். டார்னல் தன் முடிவில் ஒரு பந்தி முழுக்க அந்தத் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறாராம், அதை எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். டார்னல் அன்றும் வழமைபோலத்தான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அடுத்த ஆளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் குரல் கொடுத்தவர்கள் தெருவில் என்னைக் கண்டால் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அதைக் குறையாக எடுப்பதில்லை. வீட்டாருக்கே சொல்லாததை என்னிடம் சொன்னவர்கள் அவர்கள். முதலில் அவர்கள் தெரிந்ததாகக் காட்டினாலே ஒழிய, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டேன். தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம், ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சாமான் கடையில், மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நேசனைக் கண்டேன். கூடவே ஒரு பெண், வயிற்றில் பிள்ளை. நான் வழக்கம்போல மறுபக்கம் திரும்பினேன்.

அவர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மனைவியிடம், "என்ர கேஸில எனக்காகக் கதைச்சவ இவதான்" என்றார்.

"நான் கதைக்கேல்லைத் தம்பி" என்றேன். "நீங்கள்தான் கதைச்சனீங்கள்."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் இருந்து கலியாணத்துக்கு வந்தவள், வந்து ஒரு வருடம்தான். இவர் ஜப்பானில் இருந்தவர் என்று மட்டும் தனக்குத் தெரியும், கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டார் என்றாள். "அங்க என்ன நடந்தது அக்கா? உங்களுக்குத் தெரியுமெல்லோ?"

எனக்குத் தெரியும். சொல்லும் உரிமை எனக்கில்லை. அவரைத்தான் கேக்கவேணும் பிள்ளை என்றேன். நேசன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். (இதை எழுத அவரிடம் பிறகு அனுமதி கேட்டேன். "என்ர பேரை மாத்துங்கோ, ஊரின்ர பேரை விடுங்கோ" என்றார்.)

வண்டிலில் கையை ஊன்றியபடி, மனைவியைப் பார்த்து அவர் சொல்லத் தொடங்கினார். விசாரணையில் சொல்லாத ஒன்று. அவருடைய ஜன்னலுக்கும் அடுத்த வீட்டு உடுப்புக் கொடிக்கும் இடையில் ஒரு கை நீளம்தான். ஒருநாள் மழை வந்துவிட்டது, அந்த வீட்டு அம்மா வெளியில் போயிருந்தார். நேசன் ஜன்னலால் எட்டி உடுப்பெல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தார். வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. கதவைத் தட்டிக் கொடுத்தால் ஆர் எவர் என்று கேட்பார். கொடுக்காவிட்டால் களவு. மழை விட்டதும் எட்டி, ஒவ்வொன்றாக முன்னம் இருந்த மாதிரியே கொடியில் திருப்பிப் போட்டாராம்.

"பிறகு?" என்றாள் மனைவி.

"அந்த மனிசி வந்து தொட்டுப் பாத்தா. ஊரெல்லாம் நனைஞ்சிருக்கு, உடுப்பு மட்டும் காய்ஞ்சிருக்கு. என்ர ஜன்னலைப் பாத்தா. நான் திரைச்சீலைக்குப் பின்னால ஒளிச்சு நிண்டனான். அவ ஜன்னலுக்கு நேர ஒருக்காக் குனிஞ்சு கும்பிட்டிட்டு உள்ள போயிட்டா."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மீன்காரப் பொடியன் எங்கள் மூவரையும் விலகச் சொல்லிப் பெட்டியோடு நின்றான். நான் ஒதுங்கி இடம் விட்டேன். நேசன் கதையை விடவில்லை, அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அவர் பேசுவதை முதல்முறையாக நான் சும்மா நின்று கேட்டேன். ஒரு சொல்லையும் எந்த மொழிக்கும் கொண்டுபோகவேண்டியிருக்கவில்லை.